கூண்டு வண்டிக் குடித்தனம்

ஆர்க்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் திமிரி என்றோர் ஊர் இருக்கிறது. இந்நாளில் அது இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த பேரூர். 2019ஆம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்படுமுன் வேலூர் மாவட்டத்திலும், அதற்கும் முன்னே பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலும் இருந்தது. சரித்திரம் பயிலும் மாணவர்கள் இவ்வூரின் பெயரை அநேகமாக ஒரே ஓர் இடத்தில்தான் சந்தித்திருப்பார்கள். 1751ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் புகுந்தான். கோட்டையைக் கைவிட்டு வெளியேறிய சந்தா சாகிபின் படையினர் திமிரிக் கோட்டையின் அருகே கூடி நின்றார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு கிளைவ் அடுத்தடுத்து இரண்டு முறை இந்தப் பக்கம் வந்தான். அங்கே வற்றிக் கிடந்த ஓர் ஏரியையும், உயர்ந்து எழுந்திருந்த அதன் கரையையும், பக்கத்துத் தோப்பையும் கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார் ராபர்ட் ஆர்ம் என்னும் வரலாற்றாசிரியர்.

சில நாட் சண்டைக்கு ஏட்டிலே இடம் கிடைத்துவிட்டது. அதே சாலையில் பன்னெடுங் காலமாக, சண்டைக்கல்லாமல், சாமி கும்பிடவும் மக்களைப் பார்க்கவும் கூண்டு வண்டியில் அசைந்து அசைந்து சென்ற கிழவர் கிழவியருக்கு அந்த ஏட்டிலே இடமில்லை. அவர்களைப் பற்றியே இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

வானொலி நிலையத்தார் எனக்கு அளித்த தலைப்பு "ஓய்வுக் காலப் பயணங்கள்" என்பது. தலைப்பைக் கேட்டவுடன் என் நண்பர் ஒருவர், "அது அமெரிக்கர்களின் காரியம் அல்லவா?" என்றார். அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அமைந்த பெரிய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, மாதக் கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். பண்டிகை வந்தால் மகன் வீட்டு வாசலிலோ மகள் வீட்டு வாசலிலோ வண்டியைக் கொண்டு போய் நிறுத்தி, பேரன் பேத்திகளோடு விருந்துண்டு, மறுபடியும் புறப்பட்டு விடுகிறார்கள். 1919ஆம் ஆண்டிலேயே ஃபிளோரிடா நாட்டுத் தாம்பா நகரில் இத்தகைய வண்டிப் பயணிகள் கூடி, "தகர டப்பாப் பயணிகள்" என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு ஒரு சங்கம் கண்டார்கள். இங்கிலாந்தின் கதை இன்னும் பழையது. உடல்நலக் குறைவால் கடற்படைப் பணியை விட்டு விலகிய கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், 1885ஆம் ஆண்டில் இரண்டு குதிரைகள் இழுக்கும் வீடு ஒன்றைச் செய்வித்து, அதற்கு "நாடோடி" என்று பெயரிட்டு, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் வரை சென்றார். இன்பத்துக்காகவே சக்கரத்தில் வீடு கட்டியவர்களில் அவரே முதல்வர் என்று கருதப்படுகிறார். அவருடைய குதிரைகளை ஓட்ட ஒருவர், ஏவலுக்கு ஒருவர் எனக் கூலியாட்கள் இருந்தனர். இந்தக் கூலியாட்களை மாணவ நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பின்னே இவர்களைக் கொண்டு ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்.

சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்துவது தொண்டை நாட்டாருக்குப் புதிதன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை பத்துப்பாட்டில் ஒன்று. அதில் உப்பு வாணிகராகிய உமணர் செல்லும் வண்டி ஒன்று வருகிறது. புலவர் அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார். முழவு போன்ற உருளை; மேலே கூரை; கோழிகள் அடையும் கூடு; கயிற்றால் பிணித்துத் தொங்கவிட்ட காடிப் பானை. வண்டியா அது? நடமாடும் வீடு என்றே சொல்ல வேண்டும். அந்த வண்டியின் முகப்பில் அமர்ந்து எருதுகளை ஓட்டுபவர் யார்? கைக்குழந்தையோடு கூடிய பெண். கணவன் வேப்பந்தழை மாலை சூடி வண்டியின் பக்கத்தில் நடந்து வருகிறான். புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்றிலும் உமணர் வண்டி வருகிறது. வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று, அடியிலே வேறோர் அச்சைச் சேமமாகக் கட்டிக்கொண்டு செல்வார்களாம். இன்று மோட்டார் வண்டிகளில் உபரிச் சக்கரம் ஒன்றைத் தூக்கிச் செல்வதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய முன்னோடி அது.

உமணர் வாணிபத்துக்காகச் சென்றவர்கள், ஓய்வுக்காக அல்லர். ஆனால் வண்டியின் அமைப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பாட்டனார் வீட்டுக் கொட்டகையில் நின்ற கூண்டு வண்டிக்கும் அதற்கும் வேற்றுமை அதிகமில்லை. மூங்கில் தப்பைகளை வளைத்துக் கட்டிய கூண்டு, அதன்மேல் பாய். உள்ளே ஒரு முழ உயரம் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமக்காளம் விரித்திருக்கும். வைக்கோல் மெத்தையாகவும் இருக்கும், வழியில் மாடுகளுக்குத் தீனியாகவும் இருக்கும். ஆகவே போகும்போது மெத்தென்று இருந்த இருக்கை திரும்பி வரும்போது வெறும் பலகையாகிவிடும்! அடியிலே அரிக்கேன் விளக்கு, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் வாளி, கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மை அடைத்த மூங்கிற் குழாய். மணிக்கு இரண்டு அல்லது மூன்று மைலுக்கு மேல் அது போகாது. போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை.

இனி, ஓய்வு என்ற சொல்லுக்கு வருவோம். உழவனுக்கு ஓய்வு வயது என்று ஒன்று இருந்ததில்லை. நெசவாளிக்கும் இல்லை. தோல் பதனிடும் தொழிலாளிக்கும் இல்லை. உடம்பு இடங்கொடுக்கும் வரை உழைப்பு; அதற்குப் பின் திண்ணை. இன்ன தேதியோடு வேலை முடிந்தது, இனி வேலை செய்யாமலே மாதந்தோறும் பணம் வரும் என்ற ஏற்பாடு பிரிட்டிஷ் ஆட்சியின் அலுவலகங்களோடு நமக்கு வந்தது. அதை "உபகாரச் சம்பளம்" என்று அக்காலத்தார் அழைத்தனர். ஊரார் வாயில் அது "பிஞ்சின்" ஆயிற்று. அரசாங்க உத்தியோகத்தில் நெடுங்காலம் 55 வயதே எல்லையாக இருந்தது. அந்த வயதில் கை கால் திடமாக இருக்கும். கையில் சிறு பணமும் இருக்கும். ஆகவே, நூற்றாண்டுகளாகப் பெருந்தனக்காரருக்கும் அரசர்க்கும் மட்டுமே கைகூடியிருந்த ஒரு பழைய ஆசை, சாதாரணக் குமாஸ்தாவின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அது காசி யாத்திரை.

இரயில் வருமுன் காசி யாத்திரை எப்படி இருந்தது என்பதை நாம் அறிய ஓர் அரிய சான்று இருக்கிறது. ஏனுகுல வீராசுவாமி என்பவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவர் உத்தியோகத்தில் இருக்கும்போதே நீண்ட விடுப்புப் பெற்று, 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்டார். குடும்பத்தாரும் பரிவாரமுமாக ஏறத்தாழ நூறு பேர். பல்லக்குகள், கூடாரங்கள், சமையற் பாத்திரங்கள் எல்லாம் உடன் சென்றன. திருப்பதி, கடப்பை, ஐதராபாத்து, நாகபுரி வழியாகப் பிரயாகையையும் காசியையும் அடைந்து, கயை, கல்கத்தா, பூரி ஜகந்நாதம் என்று கீழைக் கடற்கரையோரமாகத் திரும்பி, 1831ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3ஆம் தேதி சென்னை வந்து சேர்ந்தார். பதினைந்து மாதத்துக்கு மேற்பட்ட பயணம். வழி நெடுகிலும் கண்டவற்றை அவர் தெலுங்கில் எழுதித் தம் நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்கு அனுப்பி வந்தார். வீராசுவாமி 1836இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நண்பர் அதனை நூலாக வெளியிட்டார். எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எங்கே அரிசி கிடைக்கும், எந்த ஆற்றைக் கடப்பது கடினம், எங்கே எந்த நாணயம் செல்லும் என்பவையெல்லாம் அதில் உள்ளன. அரசியல் வரலாறு எழுதுவோரை விட, அடுப்பு மூட்ட வேண்டியவர்களுக்கு அது பெரிதும் பயன்பட்டிருக்கும்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1820இல், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஏறத்தாழ மூவாயிரம் பேரோடு காசிக்குப் புறப்பட்டார். அது யாத்திரை என்பதை விட, நகர்ந்து செல்லும் ஒரு நகரம் என்பதே பொருந்தும். ஆயினும் சரபோசியை நான் இங்கே குறிப்பிடுவது அந்த மூவாயிரம் பேருக்காக அன்று. அவர் காத்து வளர்த்த சத்திரங்களுக்காக. 1802ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் பெயர் பெற்றது. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரத்தை நீங்கள் அறிவீர்கள். அவ்வரசி ஆண்டது 1689 முதல் 1706 வரை. தஞ்சைச் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறு கிடைத்தது; நோயுற்றவருக்கு மருந்து கிடைத்தது; வழியில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பராமரிப்புக் கிடைத்தது. காசியிலேயே கேதார கட்டத்தின் அருகில் 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடமும், பிற்காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய சத்திரமும் தமிழ்நாட்டு யாத்திரிகரைத் தாங்கின.

சத்திரம் என்றால் அறம், தருமம், புண்ணியம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது நம் வழக்கம். அதை வேறொரு பக்கமிருந்து பார்க்கலாம். பத்து நாள் வண்டிப் பயணத்தில் சத்திரம் இல்லாத ஒவ்வொரு மாலையிலும் மூன்று கல்லைத் தேடி வைத்து, சுள்ளி பொறுக்கி, தண்ணீர் சுமந்து, புகையில் கண் எரியச் சமைத்தவள் பெண். சத்திரத்தில் இறங்கிய மாலை மட்டுமே, வேறொருவர் மூட்டிய அடுப்பிலிருந்து அவள் கைக்குச் சோறு வந்தது. பயணத்தில் அவளுக்கு விடுமுறை அன்று ஒருநாள்தான். சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு அது. பிள்ளைச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். உயிரோடு இருந்தபோது இறக்கி வைக்க முடியாத சுமை ஒன்று பெண்ணுக்கு உண்டு என்பதை அவளுடைய உறவினர் உணர்ந்திருந்தனர் போலும்.

பிறகு இரயில் வந்தது. தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் எங்கள் வாசலுக்கே வந்தது என்பதில் வடஆர்க்காட்டாருக்கு ஒரு பெருமை உண்டு. 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி சென்னை இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே பொதுமக்களுக்கான போக்குவரத்துத் தொடங்கிற்று. 1870இல் பம்பாயும் கல்கத்தாவும் ஜபல்பூர் வழியாக இருப்புப் பாதையால் இணைந்தன. அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து சென்ற பாதை ரெய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கலந்தது. வீராசுவாமி கால் நூற்றாண்டோ அரை நூற்றாண்டோ கழித்துப் பிறந்திருந்தால் பதினைந்து மாதத்தைச் சில வாரங்களில் முடித்திருப்பார். ஆனால் அந்த நூலை எழுதியிருக்க மாட்டார்! காசிக்குப் போகிறவர் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று சொத்தைப் பங்கிட்டு எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்ட காலம் போய், திரும்பும் நாளைக் குறித்து உறவினருக்குக் கடிதம் எழுதும் காலம் வந்தது.

இவ்விடத்தில் என் பாட்டனாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பெரிய மனிதர் அல்லர். தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து 1951இல் ஓய்வு பெற்றுத் திமிரிக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் பக்கத்தில் பாட்டியை "ஆயா" என்றே அழைப்போம். தாத்தாவும் ஆயாவும் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு படைவீட்டுக்குப் போவார்கள். 1956ஆம் ஆண்டு ஆடியில், எட்டு வயதுப் பையனாக நானும் போனேன்.

படைவீடு சந்தவாசலுக்கு அருகே, சவ்வாது மலையின் அடியில் உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணர் வந்து வெல்லும் வரை, சம்புவராய மன்னர்கள் அவ்வூரிலிருந்து தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதியை ஆண்டார்கள். இன்று அங்கே மன்னரைத் தேடிச் செல்வார் இல்லை. இரேணுகாம்பாளைத் தேடி ஆயிரக்கணக்கானோர் செல்கிறார்கள். திமிரியிலிருந்து ஆரணி வழியாக எங்கள் வண்டி இரண்டாம் நாள் மாலை சென்று சேர்ந்தது. அங்கே தோப்பு நிறைய வண்டிகள். குடியாத்தத்திலிருந்து அத்தை குடும்பம், வேலூரிலிருந்து பெரியப்பா குடும்பம், ஆம்பூரில் தோல் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதிய மாமா குடும்பம் எல்லாம் முன்பே வந்து வண்டிகளை வட்டமாக நிறுத்தி, மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். ஆண்டு முழுவதும் கடிதத்தில் மட்டும் இருந்த குடும்பம், அந்த வட்டத்துக்குள் மூன்று நாட்கள் ஒரே வீடாயிற்று. ஒரு குழந்தைக்கு மொட்டை, ஒரு குழந்தைக்குக் காது குத்து, இரண்டு கல்யாணப் பேச்சு, ஒரு நிலத் தகராற்றுக்குச் சமாதானம். ஓய்வு பெற்ற தாத்தாவே அந்த வட்டத்தின் நடுநாயகம். மரத்தடியில் பாய் விரித்து அமர்ந்து, வருவோர்க்கெல்லாம் தாம் பார்த்த தாசில்தார்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயா எங்கே இருந்தார் என்று சற்றுத் திரும்பிப் பார்த்தால், அவர் அடுப்பருகே இருந்தார். மூன்று நாளும் அங்கேதான் இருந்தார். திரும்பும் வழியில் ஆரணிக்கு இப்பால் ஒரு புளிய மரத்தடியில் வண்டி நின்றது. தாத்தா கையை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டு, "நம்மைப் போல வேலையை முடித்தவர்களுக்கு இந்த மாதிரி நாலு இடம் பார்ப்பதுதான் சுகம்" என்றார். ஆயா அடுப்புக் கல்லைத் தேடிக்கொண்டே, "பிஞ்சின் கச்சேரி வேலைக்குத்தாங்க கொடுக்கிறாங்க, அடுப்பு வேலைக்கு யார் கொடுக்கிறாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தாத்தாவும் சிரித்தார். வண்டிக்காரர் மட்டும் சிரிக்காமல் சுள்ளி பொறுக்கப் போனார்.

கார்டன் ஸ்டேபிள்ஸின் கூலியாட்களை நினைவில் வைக்கச் சொன்னேன். உலகெங்கும் சக்கரத்தில் வீடு செய்தவர்கள் சக்கரத்தையும் கூரையையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் அடுப்பு மூட்டியவர் யார், அவருக்கு ஓய்வு உண்டா என்ற கேள்விக்கு ஸ்டேபிள்ஸின் விடை கூலியாள். வீராசுவாமியின் விடை பரிவாரம். சத்திரம் கட்டியவர்களின் விடை பொதுச் சமையல். எங்கள் தாத்தாவைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தாரின் விடை மனைவி. பயணங்களின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர் எவரேனும் இருந்தால் இந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துச் செல்லலாம். பல ஏடுகள் வேறு விதமாகத் தோன்றும்.

தாத்தாவும் ஆயாவும் 1958இல் காசிக்குப் போனார்கள். வாலாஜா ரோட்டில் நாங்கள் எல்லோரும் சென்று வழியனுப்பினோம். சென்னை சென்று, கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி ஏறி, இட்டார்சியில் மாறிப் பிரயாகை சேர்ந்தார்கள். இரயிலில் அடுப்பு மூட்ட முடியாது. ஆகவே ஆயாவுக்கு ஓய்வு கிடைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். புறப்படுவதற்கு முன் இரண்டு இரவும் கண் விழித்துப் புளிச்சோறும் முறுக்கும் வறுத்த மாவுமாகக் கட்டி எடுத்தார்.

பிரயாகையில் தமிழ்நாட்டுத் தம்பதியர் செய்யும் சடங்கு ஒன்று உண்டு. வேணி தானம் என்பது அதன் பெயர். கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில் கணவன் மனைவியை அமர்த்தி, தன் கையால் அவள் கூந்தலைச் சீவிப் பின்னிப் பூச்சூட்டி, பின்னலின் நுனியைச் சிறிது கத்தரித்து ஆற்றில் விட வேண்டும். நாற்பது ஆண்டு மணவாழ்வில் தாத்தா சீப்பைத் தொட்டது அன்றுதானாம். மூன்று புரியாகப் பிரிக்கத் தெரியாமல் நான்காகப் பிரித்துவிட்டு விழித்தாராம். படகிலிருந்த பண்டா சொல்லிக் கொடுக்க, ஒருவாறு பின்னி முடித்தாராம். இதை ஆயா பிற்காலத்தில் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். காசி விசுவநாதரைப் பற்றிக் கூட அத்தனை முறை சொன்னதில்லை.

காசிக்குப் போனவர்கள் தமக்கு விருப்பமான காய் ஒன்றையும் கனி ஒன்றையும் அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். பிறகு ஆயுள் முழுவதும் அதை உண்ணலாகாது. தாத்தா பாகற்காயை விட்டார். அதை அவர் அதற்கு முன்பும் உண்டதில்லை. உத்தியோகத்தில் பழகிய சாமர்த்தியம்! ஆயா அவரைக்காயை விட்டார். அது அவருக்கு உயிர். எதற்காக உயிரானதைத் தேடி விட்டீர்கள் என்று அத்தை கேட்டதற்கு, "சாமியிடம் கணக்கெழுத எனக்குத் தெரியாதே" என்றார்.

திரும்பி வந்ததும் வீட்டில் கங்கைப் பூசை நடந்தது. இதுதான் நம் யாத்திரையின் முடிவு. காசியோ இராமேசுவரமோ முடிவாகாது. செப்புச் சொம்புகளில் அடைத்து வந்த கங்கை நீரை வைத்துப் பூசித்து, உறவினர் அனைவரையும் அழைத்து விருந்திட்டு, ஆளுக்கொரு சொம்பும் காசிக் கயிறும் கொடுப்பார்கள். போகாதவர்களுக்கும் போனதில் பங்கு கிடைத்துவிடும். தாம் கண்ட இன்பத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் திரும்பி வந்த யாத்திரிகரை ஊரார் யாத்திரிகர் என்றே ஒப்புவதில்லை. அன்று எங்கள் வீட்டில் எழுபது இலை விழுந்தது. சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று பெரியப்பா சொன்னார். ஆயா ஒப்பவில்லை.

1961இல் தாத்தா மறைந்தார். அதோடு அவருடைய உபகாரச் சம்பளமும் நின்றது. ஊழியர் இறந்த பின் மனைவிக்குப் பணம் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆயாவின் பயணங்களும் அத்துடன் முடிந்தன. வண்டியை விற்றோம். படைவீட்டு வட்டம் கலைந்தது. ஆடிக்குப் பதிலாகப் பொங்கலுக்கு எல்லோரும் திமிரிக்கு வருவது என்று வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்து வாழ்வு பிறகு வெகுவாக மாறிற்று. பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் செய்தனுப்ப வேண்டும் என்று 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் அரசின் கொள்கை அவ்வாறே திரும்பிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் தையல் எந்திரங்களின் முன் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வருங்கால வைப்பு நிதியும், 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி 58 வயதில் ஓய்வூதியமும் அவர்கள் பெயரிலேயே எழுதப்பட்டன. குறைந்த அளவாக மாதம் 1000 ரூபாய் என்று 2014இல் வரையறுத்தார்கள். பணம் சிறிது, அதைக் கொண்டு காசிக்குப் போவது கடினம். ஆயினும் எங்கள் வட்டாரத்துச் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பலர், ஓய்வு என்ற சொல்லைத் தம் பெயருக்கு நேரே எழுதப்பட்டுக் கண்டது அப்போதுதான். இக்காலத்தில் அவர்கள் பலராகச் சேர்ந்து வேன் பிடித்துக்கொண்டு படைவீட்டுக்கும் திருவண்ணாமலைக்கும் போகிறார்கள். சில வேன்களில் சமையற்காரரும் ஏறிக்கொள்கிறார். 2021ஆம் ஆண்டில் கேரள அரசு, படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டிகளில் சுற்றுலா நடத்துவதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. கூண்டு வண்டி வேறு உருவில் திரும்பி வருகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆயா 1974 வரை இருந்தார். தைப்பொங்கலன்று எங்கள் வீட்டில் அவரைக்காய்ப் பொரியல் இல்லாமல் இலை போடுவதில்லை. கொடி நிறையக் காய்க்கும் பருவம் அது. இருபது முப்பது பேர் பந்தியில் அமர்ந்திருப்போம். காசிக்குப் போய் வந்த பிறகும் பதினாறு பொங்கலுக்கு அவரே அதைச் சமைத்தார். தாளித்த மணத்தைக் கொண்டே பதம் சொல்லிவிடுவார். பரிமாறிக்கொண்டே வந்து, முதற்பந்தியில் என் பக்கத்தில் சற்று நின்று, "உப்பு சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லு" என்பார்.